கொஞ்சம் கஷ்டம் என்று நான் சொன்னது

ஜெங்ஆன்
நவம்பர் 12, புதன்கிழமை

என் செல்ல யாயா,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், வேளைக்குச் சோறு இறங்குகிறது, படுத்தால் தூக்கம் வருகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும். உன் உடம்பு எப்படி? போன வாரம் போனில் கேட்ட அந்த இருமல் விட்டதா? இங்கே குளிர் தொடங்க, அங்கே டனீடினில் இனி வெயில் காலம் என்று என் செயலி சொல்கிறது, அதை நம்பிக் கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் போட்டுவிடாதே, உங்கள் ஊர்க் காற்றை நான் வீடியோவிலேயே கேட்டிருக்கிறேன். இங்கே ஒன்பது நாளாகத் தூறல். துவைத்த துணியில் பாதி சமையலறையில் தொங்குகிறது, உன் அப்பாவின் காலுறையை அடுப்பு மேலே கட்டி வைத்திருக்கிறேன், சூப்பில் விழுந்தால் அவரே குடிக்கட்டும். அவர் நேற்றுதான் சோங்சிங்கிலிருந்து லாரியோடு திரும்பினார், வழியில் எனக்கென்று ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கி வழியிலேயே தின்றும் முடித்துவிட்டார், தோலை மட்டும் கொண்டுவந்து வாசனைக்கு என்றார். கீழ்வீட்டுக்காரர்கள் நாய் வாங்கியிருக்கிறார்கள், நான் கிட்டார் எடுத்தால் அதுவும் பாட ஆரம்பிக்கிறது. அதை எடுத்துப் போட்டேன், என் வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். மூன்று வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த என்னைவிட நாய்க்கு மவுசு.

இதைக் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. குரல் செய்தியாக அனுப்பினால் நடுவில் சிரித்து மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன், காகிதம் தபாலில் மெதுவாக வரட்டும். விஷயம் உன் நூடுல்ஸ் கடைதான். இருபதாம் தேதி நீயும் உன் தோழி பெய்லினும் கடை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறீர்கள், மறுநாளே மருந்துக் கடை வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப்போகிறாய், சமையல் பார்க்க நான் இரண்டு வருஷத்துக்கு வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். நீ முதலில் கேட்டபோது நான் என்ன சொன்னேன்? கொஞ்சம் கஷ்டம், பார்க்கலாம் என்று சொன்னேன். நீ உடனே ஆடுகிற முயல் ஸ்டிக்கர் ஒன்று அனுப்பினாய். நாலு நாளைக்கு முன்னால் கடை வாசலில் எழுதப்போகிற பலகையின் படமும் வந்தது, மிங்ஜூ அம்மாவின் நூடுல்ஸ் என்று என் பெயரே போட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் பேனாவைத் தேடி எடுத்தேன் யாயா. இதே மாதிரி ஒரு கூத்து இந்த வருஷம் எங்கள் கிட்டார்த் தொழிற்சாலையில் நடந்து முடிந்திருக்கிறது, அதை நான் உனக்குச் சொல்லவே இல்லை. முதலில் அதைக் கேள், அப்புறம் உன் கடைக்கு வருகிறேன். நடுவில் தாவிக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, நீ அப்படித்தான் செய்வாய்.

என் ‘இன்றைக்கு ஒரு சொல்’ வீடியோக்கள் உனக்குத் தெரியும். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஆங்கிலம் படிக்கவில்லை, குவாங்சோவில் கிட்டார் கழுத்து தேய்த்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து அந்த மொட்டைத்தலைக் கிட்டார்க்காரர் போடுகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, நிறுத்தி, திரும்ப ஓடவிட்டுக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். ஒரு தடவை என் கருத்துக்கு அவர் இதயம் போட்டாரே, அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன், என்னோடு வேலை பார்க்கிற தியான் அக்காவுக்கு நூறு தடவையாவது காட்டியிருப்பேன். அக்கா சொல்வாள், “அந்தாளு தூக்கக் கலக்கத்துல கை பட்டிருப்பான்டி.” பொறாமை. எங்கள் தொழிற்சாலையில் வெளிநாட்டுக் கடிதம் வந்தால் பதில் எழுத ஆள் வேண்டும் என்று லுவோ முதலாளி தேடியபோது, பட்டம் படித்து வந்த இரண்டு பேர் ஆறு மாதத்தில் ஓடிப்போன பிறகு, “நம்ம மிங்ஜூதான் போன்ல இங்கிலீஷ் பேசி நடிக்கிறாளே, அவள உக்கார வை” என்று என்னைப் பசை வாளியிலிருந்து எடுத்து மேசையில் உட்காரவைத்தார். நான் இருநூற்றுப் பன்னிரண்டாவது வீடியோவில் சொல்லிக்கொடுத்த சொல் டிஃபிகல்ட். கஷ்டம் என்று அர்த்தம், மூன்று உதாரண வாக்கியம், உச்சரிப்புக்கு ஒரு கை அசைவு, நானூறு இதயம். அதில் ஒரு பிழை கிடையாது. இப்போதும் எந்த அகராதியை வேண்டுமானாலும் எடுத்துப் பார்.

ஜூலையில் ஸ்காட்லாந்திலிருந்து மொராக் என்கிற அம்மா எழுதினாள். பள்ளிக்கூடங்களுக்கு இசைக் கருவி வாங்கிக் கொடுக்கிறவள், பிள்ளைகள் வாசிக்கிற சின்ன அளவுக் கிட்டார் எண்ணூறு ஏற்கனவே சொல்லியிருந்தாள், அக்டோபர் கடைசியில் சோங்சிங்கில் ரயிலேற்றுவதாகப் பேச்சு. இப்போது செப்டம்பர் பத்துக்கே ரயிலேற்ற முடியுமா என்று கேட்டாள். பலகை காய்கிற அறையில் கிட்டாரின் முகப்பலகைகள் அப்போதுதான் அடுக்கியிருந்தது, மழை வேறு, அவசரப்பட்டு எடுத்தால் அவர்கள் ஊர் ஹீட்டர் சூட்டில் பப்படம் மாதிரி வளைந்துவிடும். பாலிஷும் அப்படித்தான், அதற்குக் காய வேண்டிய நாளை யாரும் குறைக்க முடியாது. தலைகீழாக நின்றாலும் நடக்காது. முதலாளி என் மேசைக்கு வந்தார், தேநீர்க் குடுவையை வைத்தார், “முடியாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி எழுதிடாத. நல்ல பார்ட்டி. கொஞ்சம் கஷ்டமா இருக்கு, நாங்க கலந்து பேசுறோம்னு மட்டும் எழுது, புரிஞ்சுக்குவாங்க” என்றார். எனக்கும் அதுதான் நாகரிகமாகப் பட்டது. நம் ஊரில் பெண் கேட்டுப் போன இடத்தில் கொஞ்சம் கஷ்டம் என்று சொன்னால் ஆப்பிள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே, இன்னொரு தேதி கேட்டுக்கொண்டு யாராவது நிற்பார்களா? அப்படியே எழுதினேன். கொஞ்சம் டிஃபிகல்ட், கலந்து பேசுகிறோம், எங்களால் முடிந்ததைச் செய்வோம். கடைசியில் ஒரு ரோஜாப்பூ.

இரண்டு மணி நேரத்தில் பதில். எவ்வளவு நன்றி, உங்களுக்கு இது எவ்வளவு சிரமம் என்று தெரியும், உங்களை நம்பலாம் என்று எனக்கு எப்போதுமே தெரியும் என்று ஒரே நன்றி மழை. நான் வாய்விட்டுப் படித்தேன், மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர். முதலாளி நெஞ்சில் கை வைத்தார். “பாத்தியா, எவ்ளோ பெரிய மனசு. நாம முடியாதுன்னு சொன்னதுக்கு நமக்கே நன்றி சொல்றாங்க. இவங்கள மாதிரி பத்து பேர் இருந்தா போதும்.” தியான் அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒருத்திக்காவது, நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சந்தேகம் வந்ததா? வரவில்லை. அவள் நாகரிகமாக விலகிக்கொண்டாள் என்று நாங்கள் இங்கே நிம்மதியாக இருந்தோம், நாங்கள் தலையால் தண்ணீர் குடித்து வேலை செய்கிறோம் என்று அவள் அங்கே நிம்மதியாக இருந்தாள். ஐந்து வாரம்.

ஆகஸ்ட் இருபத்தெட்டு காலையில் மொராக் எழுதினாள், சரக்கு எந்த ரயிலில் வருகிறது, எண் கொடுங்கள், பதினேழு பள்ளிக்கூடத்துக்குத் தேதி சொல்லிவிட்டேன் என்று. முதலாளியைக் கூப்பிட்டேன். “என்னத்த எழுதித் தொலைச்ச?” என்று கத்திக்கொண்டே வந்தார். எழுதினதைக் காட்டினேன். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தார், ஒரு தடவை, இரண்டு தடவை, தன் மருமகன் போனிலும் போட்டுப் பார்த்தார். கஷ்டம், கலந்து பேசுகிறோம், எல்லாம் அவர் சொன்னது அப்படியே. “சரியாத்தானே எழுதியிருக்க!” என்றார், அதற்கும் என் மேல்தான் கோபம். தப்பு யார்மேல் என்று தெரிந்தாலாவது ஒருத்தரைத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இங்கே யார் மேலும் தப்பில்லை, பதினேழு பள்ளிக்கூடத்துக்குக் கிட்டார் மட்டும் இல்லை.

அப்புறமும் முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? “இன்னும் கொஞ்சம் கஷ்டம்னு எழுது” என்றார். நான் சிரித்துவிட்டேன், அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாது. அவருக்கு மூக்கு சிவந்தது. சரி, ரயிலில் இடம் கிடைக்கவில்லை என்று எழுது, புயல் என்று எழுது என்றார். ஜெங்ஆன் மலைக்குள் எங்கே இருந்து புயல் வரும்? நான் சொன்னேன், முதலாளி, இதை எழுத வேண்டாம், போனில் கூப்பிட்டு முடியாது என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். அவர் பதறிப்போனார். “நேரா சொன்னா அந்தம்மா மூஞ்சிய எங்க வச்சிக்குவாங்க? நாம எங்க வச்சிக்கிறது?” தியான் அக்கா பின்னாலிருந்து, “மூஞ்சிய அப்புறம் கழுவிக்கலாம் முதலாளி, பிள்ளைங்க காத்திருக்கு, சொல்லித் தொலைக்கட்டும் விடுங்க” என்றாள். அக்காவுக்கு இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருஷம், அவளை எதிர்த்துப் பேச அவருக்கும் பயம். அவர் வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

யாயா, எனக்கு ஆங்கிலம் பேசப் பயமில்லை. தப்பாகப் பேசினால் திருத்திக்கொள்வேன், இணையத்தில் முகம் தெரியாத நூற்றுக்கணக்கான பேர் முன்னால் தினமும் பேசுகிறவள் நான். ஆனால் அந்த ஒரு சொல், நோ, இரண்டே எழுத்து, மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், அதைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். முதலில் அவள் உடம்பைக் கேட்டேன். அப்புறம் அவர்கள் ஊர் மழையைக் கேட்டேன். அவள் நாயைக்கூடக் கேட்டேன். அவளும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள், பாவம், கடைசியில் மெல்லச் சிரித்து, சொல்லும்மா, எப்போது வருகிறது என்றாள். நான் மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நோ. செப்டம்பர் பத்து முடியாது. அக்டோபர் இருபத்தைந்துதான் முடியும். ஜூலையிலேயே அது முடியாததுதான். தியான் அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள், ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாதவள், அந்த நோ மட்டும் அவளுக்கும் புரிந்தது. அப்புறம் மொராக் பேசினாள், கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதை ஜூலையில் சொல்லியிருந்தால் நான் பள்ளிக்கூடங்களிடம் தேதியே கொடுத்திருக்க மாட்டேன் என்றாள். நான் சொன்னேன், ஜூலையில் சொன்னோம், டிஃபிகல்ட் என்று. அவள், அது முடியாது என்று அர்த்தமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். அவள் ஊரில் ஒருத்தர் டிஃபிகல்ட் என்று சொன்னால் வேலையை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தமாம், எவ்வளவு நன்றி சொல்ல வேண்டும் என்பதைத்தான் முன்கூட்டியே தெரிவிக்கிறாராம். அதனால்தான் அவ்வளவு நன்றி சொல்லியிருக்கிறாள். நான் அந்த வரியைக் கையில் எழுதிக்கொண்டேன், வீடியோவுக்கு ஆகும் என்று. அந்த நேரத்திலும் எனக்கு வீடியோ புத்தி, திட்டாதே.

கதை சுபம் என்று எழுத மாட்டேன். எண்ணூறில் முந்நூறை அவள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டாள். எங்கள் கிடங்கில் வேறு ஊருக்கென்று செய்து நின்றுபோன நூற்று நாற்பது கிட்டார் இருந்தது, நீல நிறம், கொஞ்சம் பளபளப்பு ஜாஸ்தி, அதை உடனே எடுத்துக்கொண்டாள், அதை வைத்து நாலு பள்ளிக்கூடத்துக்குச் சொன்ன நாளில் கொடுத்துவிட்டாள். உன் அப்பாதான் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார், குழந்தைகளுக்கென்று சொன்னதால் வளைவில்கூட மெதுவாகப் போனாராம், நம்புகிறாயா? மற்ற பதின்மூன்று பள்ளிக்கூடத்திடம் அவள் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். மீதி முந்நூற்று அறுபது அக்டோபரில் போயிற்று. முதலாளி என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை, குறுக்கே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார். பத்தாம் நாள் என் மேசையில் ஒரு பெயர்ப்பலகையை வைத்தார், வெளிநாட்டு விற்பனை, ரான் மிங்ஜூ. “இனிமே வெளிநாட்டுக்காரங்களுக்கு இல்லைன்னு சொல்ற வேலை உன்னோடது. எனக்கு வாய் வராது” என்றார். இப்போது கேன்டீனில் என்னை எல்லாரும் இல்லையம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முட்டை இருக்கா என்று நான் கேட்டால் சமையல்காரர், “இல்லையம்மா, இல்லையம்மா” என்கிறார். நாற்பத்தைந்து வயதில் முதல் தடவையாக என் பெயர் எழுதின மேசை. அதைத் துடைக்கத் தனியாக ஒரு துணி வைத்திருக்கிறேன்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டாவது வீடியோவைத் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை அகராதி அர்த்தம் ஒரு நிமிஷம், மிச்சம் ஆறு நிமிஷம் நடந்த கதை. நம் ஆட்கள் கஷ்டம் என்று எழுதினால் அது சாத்தின கதவு, அவர்கள் படித்தால் அது படிக்கட்டு, இதை எந்த அகராதியும் சொல்லாது, அதனால் முடியாது என்றால் முதல் வரியிலேயே நோ போடுங்கள், தேதி போடுங்கள், பூவையும் தேநீரையும் அடுத்த வரியில் வையுங்கள் என்று சொன்னேன். கருத்துகள் வந்து குவிந்தன. கருத்தில் மட்டுமாவது நாயை முந்திவிட்டேன்! ஒருத்தி எழுதினாள், வெளிநாட்டு மேலாளரிடம் ஞாயிற்றுக்கிழமை வருவது கஷ்டம் என்று சொல்லிச் சொல்லி எட்டு ஞாயிறு வேலை பார்த்தாளாம், அவர் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு சாக்லேட் கொடுத்தாராம். இன்னொருத்தன் திட்டியிருந்தான், “அக்கா, ரெண்டு வெள்ளைக்காரிகிட்ட பேசினதும் நம்ம பழக்கம் மறந்துபோச்சா? இல்லன்னு பட்டுன்னு சொல்றது என்ன மனுஷத்தனம்?” அவனுக்கு நான் பதில் போட்டேன், தம்பி, நம் பழக்கம் நம்மிடையே நல்லதுதான், கேட்கிறவருக்கும் அதே பழக்கம் இருக்கிற வரைக்கும்.

அந்தப் பதிலைப் போட்ட அன்று சாயங்காலம்தான் உன் பலகைப் படம் வந்தது.

பதினெட்டு வயதில் போனாய், ஏழு வருஷம் ஆகிறது. நீ என் வயிற்றில் பிறந்தவள், நான் கொஞ்சம் கஷ்டம் என்றால் உனக்குப் புரியும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் நீயும் மொராக் மாதிரி நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன் அப்பாவிடம் கேட்டேன், இவள் அங்கத்திய ஆளாக மாறி என் பேச்சு புரியாமல் போயிற்றா என்று. அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், “அவளுக்கா புரியாது? உனக்கு வேணுங்கிறது மட்டும் உன் காதுல விழற மாதிரி அவளுக்கும் விழுது. யார் பெத்தது” என்றார். எது நிஜமோ எனக்குத் தெரியாது, இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். அதனால் முதல் வரியில் வைக்க வேண்டியதை ஐந்தாவது பக்கத்தில் வைக்கிறேன், என்னாலும் இவ்வளவுதான் முடிந்தது.

இல்லை யாயா. உன் கடையில் சமைக்க நான் வரமாட்டேன். இரண்டு வருஷத்துக்கும் இல்லை, ஒரு வருஷத்துக்கும் இல்லை.

எழுதிவிட்டேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இதற்கு முன்னால் இரண்டு காகிதம் எழுதிக் கிழித்தேன், ஒன்றில் என் முழங்கால் வலி என்று எழுதியிருந்தேன், மற்றதில் நான் வந்துவிட்டால் அப்பாவுக்குச் சோறு யார் போடுவது என்று. இரண்டும் முதலாளி சொன்ன புயல் மாதிரிதான். முழங்கால் நன்றாக இருக்கிறது, உன் அப்பா என்னைவிட நன்றாகவே சமைப்பார், சோம்பல்தான். நிஜம் என்னவென்றால் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. காலையில் கணினியைத் திறந்து எந்த நாட்டிலிருந்து என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் தேநீரே குடிக்கிறேன், புதுக் கிட்டார் வரும்போது பெட்டியில் போவதற்கு முன்னால் நான்தான் ஒரு தடவை மீட்டிப் பார்க்கிறேன், சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். சமையல் எனக்குப் பசிக்கு. பத்து மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்கிற அம்மாவை நீ கனவில் பார்த்திருக்கிறாய், அது நல்ல அம்மாதான், நான் அவள் இல்லை. இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும், வரட்டும், ஒன்பது நாள் பேசாமல் இரு, எனக்குப் பழக்கம்தான். இருபதாம் தேதிக்குப் பிறகு தெரிந்து அழுவதைவிட எட்டு நாள் முன்னால் தெரிந்து கோபப்படுவது மேல்.

என்னால் முடிந்ததையும் தேதியோடு சொல்கிறேன். வசந்த விழா விடுமுறையோடு சேர்த்து மூன்று வாரம் லீவு கேட்டிருக்கிறேன், முதலாளி சரி என்றுவிட்டார், பிப்ரவரி பதினான்காம் தேதி கிளம்பி வருகிறேன். மிளகாய்ச் சாந்தும் புளித்த சூப்பும் பெய்லினுக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுக்கிறேன், அவளுக்கு நாக்கு இருக்கிறது, உன்னைவிட. நீ நடத்த நினைக்கிற கடை நான் இல்லாமலும் நிற்குமென்றால் தைரியமாகக் கையெழுத்துப் போடு, நான் இங்கிருந்தே உனக்குக் கைதட்டுவேன். நான் இருந்தால்தான் நிற்கும் என்றால் போடாதே, வேலையையும் விடாதே. பலகையில் என் பெயரை எடுத்துவிடு, இல்லாத ஆளின் பேரில் சோறு விற்கக் கூடாது.

இன்னும் ஒன்று. இதை உன் அப்பா சொல்லி நான் எழுதுகிறேன், ஆனால் எனக்கும் தோன்றியதுதான். “நூடுல்ஸ்னா ஓடிப்போவா சின்ன வயசுல, இப்ப கடை போடுறாளாம். கடையா வேணும் அவளுக்கு?” என்றார். நேற்று ராத்திரியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கடை என்று நீ சொன்னது, நம் ஊர்க்காரர்கள் மாதிரி, வேறு ஒன்றைச் சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னதா யாயா? நான் வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சுற்றிக் கேட்டாயா? ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட எனக்குத் தனியாக இருக்கிறது என்று நீ சொன்னதில்லை, எப்போது கேட்டாலும் வேலை ஜாஸ்தி என்கிறாய். அப்படியானால் அதை நேராகக் கேள். சமையலுக்கு நான் சொன்ன பதில் ‘இல்லை’. நான் வேண்டும் என்றால், அதற்கு என் பதில் ‘இல்லை’ கிடையாது. பிப்ரவரி வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டேன், அப்பா லாரியிலேயே என்னைச் சோங்சிங் விமான நிலையத்தில் இறக்கிவிடுவார், மேசைக்கு நான் பூட்டுப் போட்டுவிட்டு வருவேன், திரும்பி வந்து திறந்துகொள்வேன். ஆனால் நீ கேட்க வேண்டும், வாயைத் திறந்து.

நோய் நொடி அண்டாமல், நல்ல மனிதர்கள் பக்கத்தில் இருக்க, எடுத்த காரியம் உன் கைக்கு அடங்கி வர, என் கண்ணே, நன்றாக இரு. இருமலுக்குப் பேரிக்காயைக் கற்கண்டு போட்டு வேகவைத்துக் குடி, மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள் மருந்தைத் தவிர எதையும் நம்ப மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் குடி. பெய்லினிடம் இந்தக் கடிதத்தை மறைக்காதே, அவளும் கையெழுத்துப் போடுகிறவள். இருபதாம் தேதிக்கு முன்னால் என்னைக் கூப்பிடு. எங்களுக்கு மத்தியானம் பன்னிரண்டு என்றால் உனக்குச் சாயங்காலம் ஐந்து, அந்த நேரம் கேன்டீனுக்குப் போகாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு மேசையிலேயே உட்கார்ந்திருப்பேன். நீ எதைக் கேட்டாலும் முதல் வரியிலேயே பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

உன்மேல் உயிரை வைத்திருக்கும்
அம்மா,
ரான் மிங்ஜூ